பேசி முடித்த விலை

பத்திரிகையில் அரசியல் கட்டுரைகளை வாசிப்பவர்கள் பலர். கேள்விப்பத்திர அறிவித்தல்களை வாசிப்பவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பெரும்பாலானோர் வியாபாரிகளாகவே இருப்பர். நான் இரண்டையும் வாசிக்கும் பழக்கம் உடையவன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் காலம் கழித்தவனுக்கு, ‘முத்திரையிடப்பட்ட உறையில்’, ‘பிற்பகல் 2.00 மணிக்கு முன்னர்’, ‘காரணம் கூறாது நிராகரிக்கும் உரிமை உண்டு’ என்னும் வாசகங்கள் மனப்பாடமாகிவிட்டதில் வியப்பில்லை. பத்திரிகைகளுக்கு அந்த அறிவித்தல்கள் நிலையான வருமானம். எங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு அவற்றிலிருந்தே வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஓர் அரசாங்கம் எப்படி வாழ்கிறது என்பதை அறிய அந்த அறிவித்தல்கள் போதும். இந்த வாரம் ஒரு திணைக்களம் பத்து நிழற்பிரதி இயந்திரங்கள் கேட்கும். அடுத்த வாரம், அதே வீதியில் உள்ள இன்னொரு திணைக்களம் அதே வகை இயந்திரங்கள் எட்டினைக் கேட்கும். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பீட்டுக் குழு, தனித்தனிக் கோப்பு. விற்பவர் ஒருவராகவே இருக்கலாம். விலை மட்டும் ஒன்றாக இராது. வாங்குபவர் ஒரே அரசு என்பது விற்பவருக்குத் தெரியும். அரசுக்குத்தான் அது தெரிவதில்லை.

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவர், கணினிச் சேவை வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறார். அரசாங்க அலுவலகங்களே அவர்களது வாடிக்கையாளர்கள். “ஒவ்வொரு வேலைக்கும் கேள்விப்பத்திரம் போட்டு அலுத்துப் போகவில்லையா?” என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன். “நாங்கள் ஒருமுறைதான் விலை பேசினோம். இப்போது பட்டியலில் இருக்கிறோம். தேவைப்படுகிற அலுவலகம் பட்டியலைப் பார்த்து எங்களைக் கூப்பிடும்” என்றார். அந்தப் பட்டியல் என்ன என்று தேடி வாசிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

அது புதிய ஏற்பாடன்று. 1910 ஆம் ஆண்டிலேயே வாஷிங்டனில் உள்ள அரச திணைக்களங்களுக்குப் பொதுவான பொருட்களுக்கு விலை பேசுவதற்கென்று ஒரு பொது வழங்கல் குழுவை அமெரிக்கக் காங்கிரஸ் அமைத்தது. காகிதம், மை, தளபாடம் போன்றவற்றை ஒவ்வொரு திணைக்களமும் வேறு வேறு விலைக்கு வாங்குவதைத் தடுப்பதே அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், முன்னாள் ஜனாதிபதி ஹேர்பேர்ட் ஹூவரின் தலைமையிலான ஆணைக்குழு அரச நிர்வாகத்தைச் சீரமைக்க ஆலோசனைகளை முன்வைத்தது. அதையொட்டி 1949 ஜூலை 1 ஆம் திகதி, ஜனாதிபதி ட்ரூமனின் காலத்தில், பொதுச் சேவைகள் நிர்வாகம் என்னும் நிறுவனம் பிறந்தது. அரசாங்கத்துக்கான கட்டடங்களைப் பராமரிப்பதும் அரசாங்கத்துக்காகப் பொருள் வாங்குவதும் அதன் பிரதான பணிகள். ‘ஷெடியூல்’ என்று அமெரிக்கர் சுருக்கமாக அழைக்கும் அந்தப் பட்டியல் இதன் பொறுப்பில் உள்ளது. முன்னர் 24 தனித்தனிப் பட்டியல்களாக இருந்தவை, 2019 இல் தொடங்கிய மாற்றத்தின் மூலம் ஒன்றாக இணைக்கப்பட்டன.

அதன் செயல்முறை எளிமையானது. சந்தையில் பொதுமக்களுக்கோ ஏனைய நிறுவனங்களுக்கோ ஏற்கனவே விற்பனையாகும் பொருளையோ சேவையையோ உடைய ஒரு நிறுவனம் விண்ணப்பிக்கிறது. மத்திய நிறுவனம் அதனோடு விலை பேசுகிறது. இணக்கம் ஏற்பட்டால் 5 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாக மூன்று தடவை நீடிக்கலாம். ஆக மொத்தம் 20 ஆண்டுகள். எத்தனை பொருள் வாங்கப்படும் என்று ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்படுவதில்லை. பேசப்படுவது விலையும் நிபந்தனைகளும் மட்டுமே. ஒரே பொருளுக்குப் பல நிறுவனங்கள் பட்டியலில் இருக்கும். தேவைப்படும் அலுவலகம் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து கட்டளை கொடுக்கும். மிகச் சிறிய தொகைக்கு, அதாவது 2025 ஒக்டோபர் முதல் 15,000 டொலர் வரை, ஒப்பிட்டுப் பார்க்காமலே வாங்கிவிடலாம். அதற்கு மேற்பட்டால் குறைந்தது மூன்று நிறுவனங்களின் விலையைப் பார்க்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த விதி. இவ்வழியில் ஆண்டொன்றுக்கு நடக்கும் கொள்வனவு 40 பில்லியன் டொலருக்கும் அதிகம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பட்டியலில் உள்ள விலை முடிந்த முடிபு அல்ல, அது உச்சவரம்பு. அதற்கு மேல் கேட்க விற்பவருக்கு உரிமையில்லை. அதற்குக் கீழே கேட்க வாங்குபவருக்கு முழு உரிமையுண்டு; கேட்க வேண்டும் என்றே விதிகள் அவரைத் தூண்டுகின்றன. ஒருவர் பேசிய விலையில் மற்றவர் மேலும் பேசலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர். “பட்டியலில் இருக்கிறதே, போதாதா?” என்று ஓர் உத்தியோகத்தர் நினைக்கும் கணத்தில் அந்த உயிர் போய்விடுகிறது.

இன்னொரு நிகழ்வை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1993 செப்டெம்பரில் அமெரிக்காவின் அன்றைய உப ஜனாதிபதி அல் கோர், டேவிட் லெட்டர்மன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினார். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, ஒரு கண்ணாடிச் சாம்பற் கிண்ணத்தைச் சுத்தியலால் அடித்து உடைத்தார். அரசாங்கம் வாங்கும் சாம்பற் கிண்ணம் எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக ஒரு விபரக்கூற்று இருந்தது. உடைத்தால் 35 துண்டுகளுக்கு மேற்படக்கூடாது என்பதும் அதில் ஒன்று. அந்த விதியை எள்ளி நகையாடத்தான் அவர் சுத்தியலை எடுத்தார். சபையோர் சிரித்தனர். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பெரிய கொள்கை மாற்றம் காத்திருந்தது. அடுத்த ஆண்டு, 1994 இல், நிறைவேறிய சட்டம் ஒன்று, கடையில் கிடைக்கும் பொருளைக் கடையில் கிடைப்பதுபோலவே வாங்குமாறு அரச அலுவலகங்களுக்கு வழிகாட்டியது. அரசுக்கென்று தனியாகச் செய்விப்பது குறைந்தது. பட்டியலின் முக்கியத்துவம் கூடியது.

ஆனால் கடைப் பொருளை வாங்குவதில் வேறொரு சிக்கல் உண்டு. அரசுக்கென்றே செய்யப்படும் பொருளானால், மூலப்பொருள் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று கணக்குக் கேட்கலாம். கடைப் பொருளுக்கு அப்படிக் கேட்க முடியாது. அப்படியானால் விலை நியாயமானது என்று எப்படி அறிவது? அமெரிக்கர் கண்டுபிடித்த விடை மிகச் சாதாரணமானது. எங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறி வாங்கும் பெண்கள் காலங்காலமாகக் கேட்டு வருவது. “மற்றவர்களுக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள்?”

ஒப்பந்தம் பேசும்போது நிறுவனம் தனது ஏனைய வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கழிவுகளை வெளிப்படுத்த வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த விதி. மிகச் சலுகை பெறும் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் விலையை இலக்காகக் கொண்டு அரசு பேரம் பேசும். பின்னர், ஒப்பந்தத்தில் குறித்துக்கொண்ட அந்த வாடிக்கையாளர் வகையினருக்கு விலை குறைத்தால் அரசுக்கும் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்துவந்தது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விடையைச் சொல்ல வேண்டியவர் விற்பவரே. அவர் உண்மை சொல்லாவிட்டால்?

2011 ஒக்டோபரில் அமெரிக்க நீதித் திணைக்களம் ஓர் இணக்கத்தை அறிவித்தது. மென்பொருள் நிறுவனமான ஒரக்கிள், 199.5 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. 1998 முதல் 2006 வரை நடைமுறையில் இருந்த ஒப்பந்தத்தில், தனியார் வாடிக்கையாளருக்குக் கொடுத்த பெருங்கழிவுகளை அரசுக்கு முழுமையாகச் சொல்லவில்லை, அதனால் அரசு கூடுதல் விலை கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் பொறுப்பை ஏற்றுக்கொள்ளவில்லை, நீதிமன்றம் தீர்ப்பளிக்கவுமில்லை. இது தனிச் சம்பவமும் அன்று. 2009 இல் நெட்அப் நிறுவனம் 128 மில்லியன் டொலரும், 2010 இல் ஈ.எம்.சி. நிறுவனம் 87.5 மில்லியன் டொலரும் இதையொத்த குற்றச்சாட்டுகளின் பேரில் செலுத்த உடன்பட்டிருந்தன.

பத்திரிகையாளன் என்ற முறையில் என்னை நிறுத்தி வைத்தது இந்தத் தொகைகள் அல்ல. ஒரக்கிள் விவகாரம் வெளிவந்தது எப்படி என்பதுதான். கணக்காய்வாளர் எவரும் அதை முதலில் கண்டுபிடிக்கவில்லை. அந்த நிறுவனத்தில் ஒப்பந்தப் பிரிவில் உயர் பதவி வகித்த ஒருவரே வழக்கைத் தொடுத்தார். ஆபிரகாம் லிங்கனின் காலத்தில், 1863 இல், உள்நாட்டுப் போரின்போது படைகளுக்குப் பொருள் வழங்கியோரின் மோசடிகளைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அரசை ஏமாற்றுவோரை அறிந்த எந்தக் குடிமகனும் அரசின் பெயரில் வழக்குத் தொடரலாம்; பணம் மீட்கப்பட்டால் அதில் ஒரு பங்கு அவருக்கு உரியது. ஒரக்கிள் வழக்கைத் தொடுத்தவருக்குக் கிடைத்த பங்கு 40 மில்லியன் டொலர்.

உண்மை சொன்னவனுக்கு நாற்பது மில்லியனா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் நாட்டில் உண்மை சொன்ன எழுதுவினைஞருக்குக் கிடைப்பது தூர இடத்துக்கு ஓர் இடமாற்றக் கடிதம். இரவில் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, பெயரைச் சொல்லாமல் கோப்பு இலக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்தவர்களை நான் அறிவேன். அவர்கள் எவருக்கும் பரிசு தேவைப்படவில்லை. பிள்ளைகளின் பாடசாலை மாறாமல் இருந்தால் போதும் என்றே விரும்பினார்கள்.

அமெரிக்க ஏற்பாடு குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. பட்டியல் வழியாக நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் 0.75 சதவீதம் மத்திய நிறுவனத்துக்குச் செல்கிறது. அந்தப் பணத்தில்தான் இந்தப் பட்டியல் ஏற்பாடு நடக்கிறது. விற்பனை கூடினால் தனது வருமானம் கூடும் என்றிருக்கும் ஒருவர், விலையைக் குறைக்கக் கடுமையாக வாதாடுவாரா என்ற கேள்வி இயல்பாகவே எழும். 2016 இல், மற்றவர்களுக்குக் கொடுக்கும் கழிவை விற்பவரிடம் கேட்பதற்குப் பதிலாக, அரச அலுவலகங்கள் உண்மையில் கொடுத்த விலைகளைத் திரட்டி ஒப்பிடும் முறை ஒன்று அறிமுகமானது. திரட்டிய தகவலை அதிகாரிகள் பேரம் பேசும்போது பயன்படுத்தவில்லை என்று அந்த நிறுவனத்தின் சொந்தப் பரிசோதகர் நாயகமே பலமுறை குறை கூறினார். தகவலைச் சேர்ப்பதும் அதைப் படிப்பதும் வேறு வேறு வேலைகள் என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குப் புதிய செய்தியன்று.

2025 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரம்ப் பிறப்பித்த கட்டளை, பொதுவான பொருட்களையும் சேவைகளையும் வாங்கும் பொறுப்பை இந்த ஒரு நிறுவனத்திலேயே குவிக்கப் பணித்தது. அத்தகைய கொள்வனவு ஆண்டுக்கு ஏறத்தாழ 490 பில்லியன் டொலர் என்று அக்கட்டளையே குறிப்பிட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் சில தமது சேவையை முதல் ஆண்டுக்கு ஒரு டொலருக்கு அரச அலுவலகங்களுக்குத் தர முன்வந்தன. பேரத்தில் அரசு வென்றுவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். எனக்கு அந்த ஒரு டொலர் அச்சமூட்டுகிறது. உத்தியோகத்தர் அனைவரும் ஒரு கருவிக்குப் பழகிய பின்னர், இரண்டாம் ஆண்டின் விலையைப் பேசும்போது பலம் யார் பக்கம் இருக்கும்?

இனி எங்கள் பக்கம். ஒன்றாகச் சேர்ந்து பேரம் பேசுவது இலங்கைக்கு அந்நியமான சிந்தனையன்று. 1971 இல் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் மருந்துக் கொள்கை பற்றிய அறிக்கையை முன்வைத்தனர். அதன் வழியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது; பிபிலே அதன் தலைவரானார். சந்தையில் இருந்த 2,100 அளவிலான மருந்துகளின் பட்டியல் ஏறத்தாழ 600 ஆகச் சுருக்கப்பட்டது. வணிகப் பெயரில் அல்லாது மருந்தின் பொதுப் பெயரில், நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் விலை பேசி வாங்கப்பட்டது. பல்தேசியக் கொம்பனிகளோடு ஒரு சிறிய தீவு சரிசமமாக அமர்ந்து பேசிய காலம் அது. மூன்றாம் உலக நாடுகள் பலவும் அதை எடுத்துக்காட்டாகக் கொண்டன.

அந்தப் பாரம்பரியம் உள்ள நாட்டில்தான், 2022 இல், என் மூத்த சகோதரர் அரச வைத்தியசாலை ஒன்றின் கட்டிலில் படுத்திருந்தபோது, தாதி ஒருவர் ஒரு சிறு சீட்டை என் கையில் தந்தார். “இது எங்களிடம் இல்லை ஐயா, வெளியில் வாங்கி வாருங்கள்” என்றார். அவரது குரலில் சினம் இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது. முதல் மருந்தகத்தில் அந்த மருந்து இல்லை. இரண்டாவதில் ஒரு விலை. மூன்றாவதில் இன்னொரு விலை. அரசு பேச வேண்டிய பேரத்தை, அன்று மாலை, மழையில் நனைந்தபடி நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்தேன். என்னால் வாங்க முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவரின் மகன் அதே போன்ற சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் எதை வாங்கினார், எதை வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டு டொலர் இல்லாத ஆண்டு என்பது உண்மை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. ஆனால் பஞ்சத்தில் மட்டும் வந்த குறையன்று இது. அவசரம் என்ற சொல் கோப்பில் ஏறியதும் வழமையான நடைமுறைகள் விலகிக்கொள்கின்றன. 2023 இல் இம்யூனோகுளோபுலின் மருந்து பற்றிய விவகாரம் வெடித்தது. 2024 பெப்ரவரியில், கொள்வனவு நடந்த காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவர் கைது செய்யப்பட்டார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் கூற வேண்டும். அது என் வேலையன்று. விலையை முன்கூட்டியே, அமைதியான காலத்தில், பகிரங்கமாகப் பேசி வைத்திருக்கும் ஒரு நாட்டில் ‘அவசரம்’ என்ற சொல்லுக்கு இத்தனை அதிகாரம் இராது என்பதை மட்டும் சொல்லலாம்.

மேற்பார்வை செய்யும் அமைப்பையும் நாங்கள் நிலைத்திருக்க விடவில்லை. 2015 இல் 19 ஆவது திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது. 2020 இல் 20 ஆவது திருத்தம் அதை இல்லாதொழித்தது. 2022 இல் 21 ஆவது திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்தது. புதிய பெறுகை வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. நல்லது. ஆனால் ஏழு ஆண்டுகளில் ஒருமுறை பிறந்து, ஒருமுறை இறந்து, மறுபடி பிறந்த ஓர் ஆணைக்குழுவுக்கு விற்பவர்கள் எவ்வளவு அஞ்சுவார்கள்?

ஒரே பட்டியலில் எல்லாவற்றையும் குவிப்பதில் எனக்குத் தயக்கமும் உண்டு. கொழும்பில் பேசப்படும் பட்டியலில் கிளிநொச்சியின் தளபாடக்காரருக்கோ மட்டக்களப்பின் அச்சகத்தாருக்கோ இடம் கிடைக்குமா? பெரிய நிறுவனங்களின் விண்ணப்பம் மட்டுமே ஏறும் பட்டியலானால், மிச்சம் பிடித்த பணம் ஊரை வறுமையாக்கிவிடும். அமெரிக்காவிலும் சிறு வியாபாரிகள் இதே முறைப்பாட்டைச் சொல்லி வந்திருக்கிறார்கள். பட்டியலில் ஏறப் படிவங்களை நிரப்பவே ஓர் ஆலோசகரை அமர்த்த வேண்டியிருந்தது என்றும், ஏறிய பின்னரும் குறித்த அளவு விற்பனை இல்லாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள் என்றும் வேர்ஜீனியா நண்பரும் சொன்னார். ஆகவே அவர்களது பட்டியலை அப்படியே பிரதி பண்ணுவதில் பயனில்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, எழுதி வைத்த விலை எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருத்தல். அமெரிக்க அரசின் இணையப் பட்டியலை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நான் திறந்து, ஒரு கதிரைக்கு அங்குள்ள அலுவலகம் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கும் என்று பார்க்க முடிகிறது. எங்கள் பிரதேச செயலகம் வாங்கிய கதிரையின் விலையை அறிய 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டம் கிடைத்ததே பெரும் பேறு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கேட்டால்தான் சொல்வோம் என்பதற்கும் கேட்காமலே எழுதி வைப்பதற்கும் தூரம் அதிகம்.

இரண்டாவது, உள்ளே இருந்து உண்மை சொல்பவனுக்குப் பாதுகாப்பு. எத்தனை குழு அமைத்தாலும், எத்தனை உறைகளுக்கு முத்திரையிட்டாலும், “மற்றவர்களுக்கு இதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்கள்” என்று சொல்லக்கூடியவர், அந்த மற்ற விலையைக் கண்ணால் கண்ட ஒருவரே. அவர் பேசாவிட்டால் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை மூன்று ஆண்டுகள் கழித்து வரும். கோப் குழுவில் ஒரு நாள் சத்தம் எழும். நாங்கள் அதைத் தலைப்புச் செய்தியாக்குவோம். மறுவாரம் வேறொரு தலைப்பு வரும்.

ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் கச்சேரியில் வேலை பார்த்தவர்; கையெழுத்திட்ட எந்த வவுச்சருக்காகவும் எவரிடமும் தலைகுனியாதவர். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, சட்டம் நல்லதுதான். விலையைச் சுவரில் எழுதி ஒட்டினால் பாதித் திருட்டு நின்றுவிடும். மற்றப் பாதிக்கு, அதை நின்று வாசிக்கிற ஆட்கள் வேண்டும்” என்றார்.